இரண்டு திரெட்டுக்குப் போன ஒரே பெட்டி: மாம்பழக்கூழ் ஆலையின் பதிவுக் கருவியில் லாக்-ஃப்ரீ ஸ்டாக் தந்த பிழை

நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போகும் வழியில் உள்ள ஒரு மாம்பழக்கூழ் ஆலை. மே முதல் ஜூலை வரை அங்கே மூன்று ஷிஃப்டும் ஓடும். முதலில் செந்தூரா, பிறகு பெங்களூரா. கூழ் ஸ்டெரிலைசரில் 105 பாகை செல்சியஸைத் தொட்டு, ஹோல்டிங் டியூபில் நின்று, குளிர்ந்து, 215 கிலோ டிரம்முக்குள் இருக்கும் பையில் நிரம்பும். வெப்பநிலை, ஓட்டம், அழுத்தம் ஆகியவற்றின் பதிவு முழுதாக இல்லாவிட்டால் அந்த லாட் ஆலையை விட்டு வெளியே போகாது.

இந்தப் பதிவைச் செய்வது மின்பலகைக்குள் இருக்கும் ஒரு சிறு லினக்ஸ் கணினி. கார்ட்டெக்ஸ்-ஏ72 வகை ஏஆர்எம் செயலி, நான்கு கோர். மென்பொருளை எழுதியது ஓசூரில் உள்ள ஐந்து பேர் கொண்ட குழு, சி++ மொழியில். ஸ்டெரிலைசரைக் கட்டுப்படுத்தும் வேலை பிஎல்சி என்ற தனிக் கட்டுப்பாட்டுக் கருவியுடையது. இந்தக் கணினி படித்து எழுதுவதோடு சரி. நடந்தது எதுவும் கூழின் பாதுகாப்பைத் தொடவில்லை, பதிவின் நம்பகத்தைத்தான் தொட்டது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

உள்ளமைப்பு இது. திரெட் என்பது ஒரே நிரலுக்குள் மற்றவற்றோடு இணையாக ஓடும் ஒரு வேலை. ஐந்து வாசிப்புத் திரெட்டுகள்: நான்கு ஆர்எஸ்-485 (சென்சார்களை இணைக்கும் தொடர் கம்பி) தடங்களுக்கு ஒவ்வொன்று, பிஎல்சிக்கு ஒன்று. எல்லாம் சேர்ந்து நொடிக்குச் சுமார் 600 பதிவு. இரண்டு எழுதும் திரெட்டுகள், ஒவ்வொன்றும் 32 பதிவு வரை சேர்த்து வட்டில் எழுதி, எஃப்சிங்க் (தரவு வட்டில் போய்ச் சேரும் வரை காத்திருக்கும் கட்டளை) முடிந்த பிறகே பெட்டிகளைத் திருப்பித் தரும். பதிவுகள் பயணிப்பது 128 பைட் கொண்ட 256 நினைவகப் பெட்டிகளில். நிகழ்நேர முன்னுரிமையில் ஓடும் ஸ்டெரிலைசர் திரெட்டுக்குள் மல்லாக் (ஓடும்போது நினைவகம் கேட்கும் செயல்பாடு) கூப்பிடக் கூடாது என்பதால் பெட்டிகளை நிரல் தொடங்கும்போதே ஒதுக்கி வைத்திருந்தார்கள். காலிப் பெட்டிகள் ஒரு ஸ்டாக்கில் (கடைசியாக வைத்ததே முதலில் வரும் அடுக்கு), நிரம்பிய பெட்டிகள் ஒரு க்யூவில் (முதலில் வந்ததே முதலில் போகும் வரிசை).

பூட்டை ஏன் எடுத்தார்கள்

முந்தைய ஆண்டு ஸ்டாக்குக்கும் க்யூவுக்கும் சேர்த்து ஒரே மியூடெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு, இருந்தது. ஸ்டெரிலைசர் வெப்பநிலை 200 மில்லிநொடிக்கு ஒருமுறை பதிய வேண்டும். அவ்வப்போது 1.4 நொடி வரை இடைவெளி விழுந்தது. எழுதும் திரெட் மியூடெக்ஸைப் பிடித்தபடியே எஃப்சிங்க் வரை போனதுதான் காரணம். வட்டு மெதுவாகும்போதெல்லாம், உயர்ந்த முன்னுரிமையுள்ள ஸ்டெரிலைசர் திரெட் தாழ்ந்த முன்னுரிமையுள்ள எழுத்துத் திரெட்டுக்காகக் காத்துக் கிடந்தது.

இதற்கு நேரான மருந்து பூட்டைச் சில வரிகளுக்கு மட்டும் பிடிப்பது. அதோடு, பூட்டைப் பிடித்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தரும் முன்னுரிமை மரபுப் பண்பையும் போட வேண்டும். சி++-இன் எஸ்டிடி மியூடெக்ஸில் அந்த வசதி இல்லை, லினக்ஸின் பிதிரெட் மியூடெக்ஸை நேரடியாக அமைக்க வேண்டும். போட்டியில்லாத மியூடெக்ஸ் லினக்ஸில் கர்னலுக்கே (இயங்குதளத்தின் மையத்துக்கே) போவதில்லை. நொடிக்கு 600 என்ற வேகத்துக்கு அதன் செலவு கணக்கில் வராது. குழு அந்த வழியில் போகவில்லை. எந்தத் திரெட் எங்கே நின்றாலும் மற்றவை முன்னேற வேண்டும் என்று முடிவெடுத்து இரண்டையும் லாக்-ஃப்ரீ, அதாவது பூட்டில்லாதவை, ஆக்கியது. லாக்-ஃப்ரீ தரும் உறுதியும் அதுதான்: யாரோ ஒருவர் எப்போதும் முன்னேறுவார். ஒவ்வொருவரும் குறித்த படிகளுக்குள் முடிப்பார் என்பது வெயிட்-ஃப்ரீ என்ற இன்னும் கடுமையான உறுதி, இங்கே அது கிடையாது. தேவையைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள். பிழை அதை நிறைவேற்றிய விதத்தில் வந்தது.

ஸ்டாக்குக்கு எடுத்தது 1986-இல் ஐபிஎம்மின் டிரைபர் எழுதிவைத்த முறை. ஸ்டாக்கின் மேலே இருக்கும் தலையைப் படி, அதன் அடுத்ததைப் படி, தலை இன்னும் அதேதானா என்று ஒப்பிட்டு, அதேயென்றால் அடுத்ததைத் தலையாக்கு. இந்த ஒப்பிட்டு மாற்றும் கட்டளையே சிஏஎஸ். தோற்றால் திரும்பச் செய். குழுவில் இதை எழுதியவர் ஜாவாவில் இதே ஸ்டாக்கைப் பல முறை எழுதியவர். அங்கே ஒவ்வொரு புஷ்ஷுக்கும் (ஸ்டாக்கில் வைப்பதற்கும்) புதிய நோடு (ஸ்டாக்கின் ஓர் உறுப்பு) உருவாகும், ஒரு திரெட் கையில் பிடித்திருக்கும் நோடை, பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பைச் சேகரிப்பான் தொடாது. எனவே பிழையே வராது. அதே வரிகள் சி++-க்கு வந்தன. இங்கே நோடு என்பது திரும்பத் திரும்பப் பயன்படும் பெட்டியின் எண். மாறிய அந்த ஒன்றை யாரும் கேள்வி கேட்கவில்லை.

கவனித்தவை

சீசனின் மூன்றாம் வாரம், இரவு பத்து மணி ஷிஃப்ட் மாறிய சில நிமிடங்களில் ஆலையின் சூப்பர்வைசர் தொலைபேசியில் அழைத்தார்: “தம்பி, பேனல்ல 105 நிக்குது. உங்க ரிப்போர்ட்ல 31-னு வருது. நான் எதை நம்பறது?” ஸ்டெரிலைசர் தடத்தின் பெயரில் குளிர்நீர்த் தடத்தின் மதிப்பு பதிவாகியிருந்தது. அவர் கணினியை அணைத்துப் போட்டதும் சரியானது. ஆறு வாரத்தில் இப்படி மூன்று முறை.

பதிவுக் கோப்புகளை வரிசையாகப் பார்த்தபோது நான்கு விஷயங்கள் தெரிந்தன.

கலப்பு ஒருமுறை தொடங்கினால் தானாக நிற்கவில்லை, மறுதொடக்கம் வரை நீடித்தது. மூன்று முறையும் ஷிஃப்ட் மாறி பத்து நிமிடத்துக்குள் தொடங்கியது. அந்த நேரத்தில்தான் அறிக்கை தயாரிக்கும் நிரல் நான்கு கோரையும் நிரப்பிக்கொண்டு ஓடும். கலப்பு நடந்த வேளைகளில் காலிப் பெட்டி தீர்ந்துபோனதாக ஒரு எச்சரிக்கைகூட இல்லை. வட்டு மெதுவான மற்ற நேரங்களில் அந்த எச்சரிக்கை வரும்.

நான்காவது விஷயம் ஒட்டாமல் நின்றது. இந்த மூன்று நிகழ்வுக்கும் வெளியே, எந்த நேரத்தோடும் பொருந்தாமல், ஒன்பது தனித்த பதிவுகளில் நேரம் புதியதாகவும் மதிப்பு பழையதாகவும் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் என்று நினைத்ததில் இரண்டு நாள் வீணானது.

தேடல்

கேபிள், எர்த்திங், மாட்பஸ் (ஆர்எஸ்-485 தடங்களில் தரவு போகும் நெறிமுறை) முகவரி மோதல் மூன்றையும் முதலில் சோதித்து விலக்கினார்கள். கம்பியில் தரவு கெட்டதைக் காட்டும் மாட்பஸ் சிஆர்சி பிழை எண்ணிக்கை உயரவில்லை. ஆகவே கலப்பு கம்பியில் நடக்கவில்லை, நினைவகத்தில் நடந்தது.

அடுத்து ஒரு பொறி வைத்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு அணு மாறி (பல திரெட் தொட்டாலும் பாதியில் உடையாமல் ஒரே படியில் மாறுவது): 0 என்றால் காலி, 1 என்றால் யாரிடமோ இருக்கிறது. பெட்டியை எடுத்தவுடன் பழைய மதிப்பை எடுத்துப் புதியதை வைக்கும் எக்ஸ்சேஞ்ச் மூலம் 1 போட்டு, முன்பிருந்தது 1 என்றால் அங்கேயே நிரலை நிறுத்தி, எல்லாத் திரெட்டின் நிலையையும் கொட்டச் செய்தார்கள். திருப்பித் தரும்போது 1 இல்லாவிட்டாலும் அதேதான். இதற்கு ஆன செலவு பெட்டியை எடுக்கும்போது ஒரு கூடுதல் அணுச் செயல், தரும்போது ஒன்று. முதல் நாளே இருந்திருக்க வேண்டிய சோதனை இது.

அலுவலக மடிக்கணினியில் பொறி ஆறு மணி நேரம் ஓடியும் எதுவும் சிக்கவில்லை. எட்டுக் கோரில் ஏழு திரெட் ஓடினால் எந்தத் திரெட்டும் பாதியில் நிறுத்தப்படுவது அரிது. பிழை வெளிப்படுவதற்கு வேண்டியது அந்த நிறுத்தம்தான். எனவே மூன்று மாற்றம் செய்தார்கள்: பெட்டிகளை 256-லிருந்து 4 ஆக்கினார்கள், நிரலை இரண்டு கோருக்குள் டாஸ்க்செட் மூலம் அடைத்தார்கள், ‘அடுத்ததைப் படி’க்கும் சிஏஎஸ்ஸுக்கும் நடுவில் 0 முதல் 2 மில்லிநொடி வரை தற்செயலாகத் தூங்கும் வரியைச் சேர்த்தார்கள். 40 நொடியில் பொறி விழுந்தது.

திரெட்டுகளின் மோதலைக் கண்டுபிடிக்கும் கருவியான திரெட்சானிடைசரையும் அப்போதுதான் முதன்முறையாக ஓட்டினார்கள். அது ஒரு நிமிடத்துக்குள் வேறொரு புகாரைச் சொன்னது. முதல் பிழையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்தக் கருவி ஓட்டத்தில் உண்மையில் நடந்த அணுகல்களுக்கிடையே ஒழுங்கு இருந்ததா என்றுதான் பார்க்கும். அந்த ஓட்டத்தில் ஏ-பி-ஏ (மதிப்பு ஏ-யிலிருந்து பி-க்கு மாறி மறுபடி ஏ ஆவது; முதல் பிழை இதுதான், கீழே விளக்கம்) நிகழவில்லை என்றால் சொல்ல அதற்கு ஒன்றுமில்லை.

காரணம் ஒன்று: ஏ-பி-ஏ

காலி ஸ்டாக் மேலிருந்து 17, 42, 8 என்று இருப்பதாகக் கொள்வோம். நிகழ்நேர முன்னுரிமை இல்லாத முதல் திரெட் தலை 17, அடுத்தது 42 என்று படித்துக்கொண்டது. சிஏஎஸ்ஸுக்கு முன் அறிக்கை நிரல் கோரைப் பிடித்ததால் நின்றுபோனது. அதற்குள் இரண்டாவது திரெட் 17-ஐ எடுத்தது, மூன்றாவது 42-ஐ எடுத்தது. 17 நிரம்பி, ஒரு எழுத்துத் திரெட் வழியாக எழுதி முடிக்கப்பட்டு, திரும்ப ஸ்டாக்கின் தலைக்கு வந்தது. இப்போது ஸ்டாக் 17, 8. பெட்டி 42 மற்றொரு எழுத்துத் திரெட்டின் எஃப்சிங்கில் நிற்கிறது. முதல் திரெட் விழித்தது. தலை 17-தானா? ஆம். சிஏஎஸ் வென்றது, தலை 42 ஆனது. பயன்பாட்டில் இருக்கும் பெட்டி காலிப் பட்டியலின் மேலே வந்து உட்கார்ந்துவிட்டது.

கிரேட் அடுக்கின் மேலே 17 என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, டீ குடித்து வந்து, இன்னும் 17-தான் இருக்கிறது, ஆகவே அடியில் 42-தான் இருக்கும் என்று நம்புவது போன்றது இது. மேலே உள்ள எண் ஒன்றே. அடியில் இருப்பது மாறிவிட்டது. சிஏஎஸ் மதிப்பைத்தான் ஒப்பிடும், இடையில் நடந்ததை அது அறியாது.

ஸ்டாக்கின் இயல்பும் இதைக் கூட்டியது. கடைசியாக வந்த பெட்டியே முதலில் போகும் என்பதால் சூடான சில எண்கள் திரும்பத் திரும்பத் தலைக்கு வந்துகொண்டே இருக்கும். கேஷுக்கு (செயலியின் விரைவு நினைவகத்துக்கு) நல்லது என்று ஸ்டாக்கைத் தேர்ந்த காரணமே ஏ-பி-ஏவுக்கும் வழி திறந்தது.

கலப்பு ஏன் நிற்கவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருந்தது. 42-ஐ இரண்டு பேர் வைத்திருப்பதால் அது இரண்டு முறை திரும்பி வரும். முதல் முறை வந்தபோது ஸ்டாக் 42, 8 ஆனது. இடையில் 5 வந்தால் 5, 42, 8. பிறகு 42 மறுபடி வந்தபோது அதன் ‘அடுத்தது’ 5 என்று எழுதப்பட்டது. இப்போது 42-க்கு அடுத்தது 5, 5-க்கு அடுத்தது 42. வட்டம். 8-உம் அதற்குக் கீழே இருந்த அத்தனையும் தொலைந்தன. ஐந்து வாசிப்புத் திரெட்டும் இரண்டே பெட்டிகளை மாறிமாறி எடுத்து ஒன்றன்மேல் ஒன்று எழுதின. வட்டம் தீராது, அதனால் காலிப் பெட்டி தீர்ந்த எச்சரிக்கையும் வரவில்லை.

விவாதத்தில் ஒருவர், ஏஆர்எம்மில் ஏ-பி-ஏ வர வாய்ப்பே இல்லை என்றார். எல்டிஎக்ஸ்ஆர், எஸ்டிஎக்ஸ்ஆர் என்ற படிக்கும், எழுதும் கட்டளைகளின் இணையில் இடையே யாராவது அந்த இடத்தில் எழுதினால் எழுத்துத் தோற்றுவிடும் என்பது அவர் வாதம். வன்பொருள் அளவில் அது உண்மை. ஆனால் சிஏஎஸ்ஸின் சி++ வடிவமான கம்பேர்-எக்ஸ்சேஞ்ச் அந்த இணையைத் தன் உள்ளே மட்டும் வைத்திருக்கிறது. தலையை முதலில் படித்ததும் அடுத்ததைப் படித்ததும் அதற்கு வெளியே, அதற்கு முன்னால். ஜன்னல் திறந்திருந்தது அங்கே.

காரணம் இரண்டு: தளர்ந்த வெளியீடு

திரெட்சானிடைசர் சொன்னது நிரம்பிய பெட்டிகளின் க்யூவைப் பற்றி. அந்த க்யூவில் ஒவ்வொரு இடத்திலும் பெட்டி எண்ணும் தொடர் எண்ணும் ஒரே 64 பிட் சொல்லாக இருந்தன. வாசிப்புத் திரெட் பெட்டியை நிரப்பிவிட்டு அந்தச் சொல்லை எழுதும்போது ரிலீஸ் ஒழுங்கு (முன்பு எழுதியவை முதலில் தெரிய வேண்டும்) தேவை, அதைப் படிக்கும் எழுத்துத் திரெட் அக்வயர் ஒழுங்கில் (பின்பு படிப்பவை முந்தக் கூடாது) படிக்க வேண்டும். வாசிப்புத் திரெட் அந்தச் சொல்லை எழுதும் இடத்தில் ரிலாக்ஸ்டு (வரிசை எதையும் கேட்காதது) என்று இருந்தது. எக்ஸ்86 செயலியில் எழுத்துகள் எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்குத் தெரியும், ஆகவே மடிக்கணினியில் பிழை வெளிப்படவில்லை. கார்ட்டெக்ஸ்-ஏ72 அந்த வரிசைக்குக் கட்டுப்பட்டதல்ல. தொடர் எண் முதலில் தெரிந்து, பெட்டியின் மதிப்பு பிறகு தெரியலாம். தனித்து நின்ற ஒன்பது பதிவுகள் இதனால் வந்தவை.

எடுத்த முடிவுகள்

இரண்டாம் பிழைக்கு ரிலாக்ஸ்டு என்பதை ரிலீஸ் ஆக்கும் மாற்றமே போதுமானதாக இருந்தது. முதல் பிழைக்கு நான்கு வழிகள் பேசப்பட்டன.

மியூடெக்ஸுக்குத் திரும்புவது. குழுவில் மூத்தவர் இதையே சொன்னார், அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் சீசன் நடுவில் ஸ்டெரிலைசர் திரெட்டின் காத்திருப்பு நேரம் முழுவதையும் மறுபடி அளந்து உறுதிசெய்ய நேரமில்லை.

ஹசார்ட் பாயிண்டர். மேகட் மைக்கேல் 2004-இல் விரிவாக வெளியிட்ட முறை: ஒவ்வொரு திரெட்டும் தான் தொட்டுக்கொண்டிருக்கும் நோடை எல்லாருக்கும் தெரியும்படி அறிவிக்கும், அறிவிப்பில் உள்ள நோடை யாரும் மறுபயன்பாட்டுக்கு விடமாட்டார்கள். நினைவகத்தை உண்மையிலேயே விடுவிக்கும் நிரலுக்கு இது வேண்டும். இங்கே பெட்டிகள் விடுவிக்கப்படுவதே இல்லை, நின்றுபோன திரெட் பழைய பெட்டியின் ‘அடுத்தது’ புலத்தைப் படித்தாலும் நிரல் விழாது. தேவைக்கு மிஞ்சிய கருவி.

தலையோடு ஒரு எண்ணியை ஒட்டுவது. பெட்டியின் எண்ணுக்கு 32 பிட், எண்ணிக்கு 32 பிட், இரண்டும் சேர்ந்து ஒரே 64 பிட் சொல். ஒவ்வொரு வெற்றிகரமான எடுப்பிலும் எண்ணி ஒன்று கூடும். 17 மறுபடி தலைக்கு வரவேண்டுமானால் இடையில் யாரோ அதை எடுத்திருக்க வேண்டும், ஆகவே எண்ணி மாறியிருக்கும், சிஏஎஸ் தோற்கும். எடுப்பில் மட்டும் கூட்டினால் போதும். முதலில் 16 பிட் எண்ணி என்றுதான் எழுதினார்கள். நொடிக்கு 600 எடுப்பு என்றால் 65,536 என்பது 109 நொடியில் சுற்றி வந்துவிடும், பிழைதேடும் கருவியான டீபக்கரில் நிறுத்திய திரெட் அவ்வளவு நேரம் நிற்கக்கூடியதே. 32 பிட்டில் அதே வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 83 நாள் ஆகும்.

நான்காவது, பொதுவான காலி ஸ்டாக்கையே ஒழித்துவிடுவது.

சீசனுக்குள் மூன்றாம் வழி, சீசன் முடிந்ததும் நான்காம் வழி என்று முடிவானது. மூன்றாம் வழியின் மாற்றம் ஒரே கோப்பில் 11 வரி. 40 நொடியில் விழும் சோதனைக் களம் கையில் இருந்ததால் சரிபார்க்கவும் முடிந்தது. நெருக்கடியில் சோதிக்க முடிந்த சிறிய மாற்றத்தைத் தேர்ந்தது சரியான முடிவு.

அந்த 11 வரியில் கவனம் வேண்டிய இடங்கள் மூன்று. சிஏஎஸ் தோற்றதும் புதிய தலை எதிர்பார்ப்பு மாறிக்குள் வந்துவிடும், ஆனால் ‘அடுத்தது’ தானாக மாறாது, சுழலுக்குள்ளேயே மறுபடி படிக்க வேண்டும். ‘அடுத்தது’ புலமும் அணு மாறியாக இருக்க வேண்டும், ஏனென்றால் நின்றுபோன திரெட் அதைப் படிக்கும் நேரத்தில் இன்னொருவர் அதில் எழுதிக்கொண்டிருக்கலாம். கம்பேர்-எக்ஸ்சேஞ்சின் வீக் வடிவம் காரணமின்றியும் தோற்கும், தோல்வியை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. 64 பிட் அணு மாறி அந்தச் செயலியில் பூட்டில்லாமல் இயங்குகிறது என்பதைத் தொகுக்கும்போதே உறுதிசெய்யும் ஸ்டாட்டிக் அசர்ட் ஒன்றையும் சேர்த்தார்கள்.

விளைவு

தூக்க வரியோடும் நான்கே பெட்டிகளோடும் திருத்திய நிரல் ஆலையில் உள்ளதைப் போன்ற இன்னொரு கணினியில் 72 மணி நேரம் ஓடியது. பொறி விழவில்லை. வட்டில் எழுதுமுன் ஒவ்வொரு பதிவின் சிஆர்சியையும் சரிபார்க்கும் படி சேர்ந்தது. ஷிஃப்ட் அறிக்கை நிரலை நைஸ் 19-க்கு (மிகத் தாழ்ந்த சாதாரண முன்னுரிமைக்கு) இறக்கி ஒரு கோருக்குள் அடைத்தார்கள். இது பிழையைத் தீர்ப்பதற்காக அல்ல, வாசிப்புத் திரெட்டுகள் நிறுத்தப்படுவதைக் குறைப்பதற்காக. இதை மட்டும் செய்து நிறுத்தியிருந்தால் பிழை மறைந்தது போலிருந்து அடுத்த சீசனில் வந்திருக்கும்.

மூன்று நிகழ்விலும் நிறுத்திவைக்கப்பட்டவை 46 டிரம், 9,890 கிலோ. பேனலில் தனியாக ஓடும் சார்ட் ரெக்கார்டரின் காகிதத்தில் 105 பாகை உடையாமல் இருந்ததால் ஆலையின் தரப்பிரிவு அவற்றை விடுவித்தது. அந்தக் காகிதம் இல்லையென்றால் நல்ல கூழைக் கொட்ட வேண்டியிருந்திருக்கும். மீதி சீசனில் கலப்பும் வரவில்லை, பழைய மதிப்பும் வரவில்லை.

மாற்றிச் செய்தவை

சீசன் முடிந்ததும் ஒவ்வொரு வாசிப்புத் திரெட்டுக்கும் சொந்தமாக 64 பெட்டிகள் கொடுக்கப்பட்டன, மொத்தம் 320. எழுதும் திரெட் வேலை முடிந்த பெட்டியை அதன் உரிமையாளரின் திரும்பு-ஸ்டாக்கில் சிஏஎஸ் மூலம் வைக்கும். உரிமையாளர் அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பதில்லை. ஒரே எக்ஸ்சேஞ்சில் தலையைக் காலியாக்கி முழுச் சங்கிலியையும் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். வைப்பதற்கு ஏ-பி-ஏ தீங்கு செய்யாது: வைப்பவருக்குத் தலை இப்போது எது என்பது மட்டுமே தேவை, அதன் அடியில் என்ன இருக்கிறது என்பது தேவையில்லை. மொத்தமாக எடுப்பதில் ஒப்பிடுதலே இல்லை. ஆகவே இங்கே எண்ணியும் தேவைப்படவில்லை. வைப்பவர் ரிலீஸ், எடுப்பவர் அக்வயர். ஐந்து தலைகளும் 64 பைட் எல்லையில் தனித்தனி கேஷ் லைனில் (செயலி ஒருசேர இழுக்கும் நினைவகத் துண்டில்) வைக்கப்பட்டன, இல்லாவிட்டால் தொடர்பில்லாத தலைகளும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யும்.

பகிர்ந்த தரவமைப்பைத் தொடும் எந்த மாற்றத்துக்கும் இப்போது மறுபார்வையில் முதலில் கேட்கப்படுவது இது: இந்த நோடு மறுபடி பயன்படுமா, பயன்பட்டால் பழைய எண்ணைக் கையில் வைத்திருக்கும் திரெட்டுக்கு அது எப்படித் தெரியும்? தூக்க வரிகள் சோதனைக் கட்டமைப்பில் நிரந்தரமாக இருக்கின்றன. திரெட்சானிடைசர் ஒவ்வொரு இரவும் ஓடுகிறது, ஏஆர்எம் கணினியிலும் சேர்த்து. திரெட்டுகள் மாறிமாறி ஓடக்கூடிய வரிசைகளைத் தேடிச் சோதிக்கும் ரிலேசி என்ற கருவியில் திரும்பு-ஸ்டாக்கின் சிறு மாதிரியை எழுதி ஓட்டியும் பார்த்தார்கள்.

ஷிஃப்ட் முடிவில் ஒவ்வொரு வாசிப்புத் திரெட்டும் தன்னிடம் காலியாக உள்ள பெட்டிகளைச் சங்கிலி வழியே நடந்து எண்ணி, வெளியே போயிருப்பதோடு கூட்டிப் பார்க்கிறது. 64 வராவிட்டால் நிரல் அங்கேயே நிற்கும். ஐந்தின் கூட்டுத்தொகை 320 என்று லாட் அறிக்கையின் அடியில் ஒரு வரியாக அச்சாகிறது, சூப்பர்வைசர் கையெழுத்திடும் இடத்துக்கு மேலே.